இடது பக்கம் முப்பத்து நான்கு அமுக்கு

பிப்ரவரி 12

டிரெய்லர் இன்று வந்து சேர்ந்தது. தன் சக்கரத்தில் வரவில்லை. லாரியின் முதுகில் ஏற்றி வந்து பட்டறை வாசலில் இறக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். வலது சக்கரம் அதன் இடத்திலேயே இருக்கிறது. இடது சக்கரம் ஒரு சாக்கில் கட்டி வந்தது.

நடந்ததை எழுதி வைக்கிறேன். எங்கள் ஆய்வு நிலையத்துக்கு இருப்பது ஒரே ஒரு ஃபைபர் படகு. கடற்பசு மேயும் கடல்புல் எங்கெங்கே மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதற்காக, அதை இந்த இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றி, ஜீப்பின் பின்னால் இழுத்துக்கொண்டு, தொண்டி, முள்ளிமுனை, தேவிபட்டினம் என்று போய்க் கடலில் இறக்குவார்கள். ஒன்பதாம் தேதி சாயங்காலம் திருப்பாலைக்குடி அருகே திரும்பி வரும்போது, இடது சக்கரம் கழன்று ஜீப்பை முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது. படகு சாய்ந்து உப்பளத்து வாய்க்காலில் விழுந்தது. படகின் இன்ஜின் உடைந்தது. ஆளுக்கு அடி இல்லை.

ஜீப்பை ஓட்டியவன் நெய்னா முகமது. வயது என் வயதுதான், ஐம்பத்திரண்டு. எட்டாவது வரை படித்தவன். பத்தொன்பது வருடமாகத் தற்காலிக ஓட்டுநர். இந்த மார்ச்சில் நிரந்தர ஆணை வர இருந்தது. இப்போது தற்காலிக வேலையும் இல்லை. விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விசாரணை இருபத்தாறாம் தேதி. சக்கரம் ஏன் கழன்றது என்று அறிக்கை கொடுக்க வேண்டியவன் நான், நிலையத்தின் தொழில்நுட்ப அலுவலர். அவன் வேலை இருப்பதும் போவதும் அந்த அறிக்கையில் இருக்கிறது.

காரணம் எனக்கு இப்போதே தெரியும். ஓடி வந்த சக்கரத்தின் நடுப்பகுதி, அதாவது பேரிங் உட்கார்ந்திருக்கும் ஹப், சூடாக இருக்கும். அதை அப்படியே கடலில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, பின்பக்க ரப்பர் சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் போன பேரிங் துருப்பிடிக்கும், பிறகு உடையும். அரை மணி நேரம் ஆறவிட்டே இறக்க வேண்டும் என்று நானே எழுதி, சட்டம் போட்டுப் பட்டறையில் மாட்டியிருக்கிறேன். நெய்னா ஆறவிடவில்லை. ஆறவிட்டேன், இரண்டு டீ குடித்தேன் என்கிறான். டீக்குச் சாட்சி இல்லை.

எனக்கு யார் மீதும் வன்மம் கிடையாது. சிலர் செய்ததை மறக்கவில்லை, அவ்வளவுதான். மதுரையில் எம்.இ. முடித்த என்னை விட்டுவிட்டு, நான் முன்பு பாடம் நடத்திய கல்லூரியின் தாளாளர் தன் மருமகனைத் துறைத்தலைவர் ஆக்கியதை மறக்கவில்லை. மீனைப் பற்றிப் படித்த, என்னைவிட ஒன்பது வயது சிறிய பிரிசில்லா இந்த நிலையத்துக்கு இயக்குநராக வந்ததையும், வந்த நாளிலிருந்து என்னை மரியாதையாக ‘சார்’ என்றே கூப்பிடுவதையும் மறக்கவில்லை. இங்கே ஒரு மோட்டார் நின்றுபோனால், “நெய்னா அண்ணனைக் கூப்பிடுங்க” என்றுதான் முதல் குரல் வரும். இரண்டாவது குரல்தான் எனக்கு.

பிப்ரவரி 13

மழை வருவதுபோல் இருந்தது. வரவில்லை. ஜாக்கிக்கு எண்ணெய் விட்டேன்.

பிப்ரவரி 14

முதலில் நல்ல சக்கரத்தைத் திறந்தேன். இதுதான் முறை. இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் கடலில் இறங்கியவை. சூட்டோடு இறக்கியிருந்தால் வலது பக்கமும் தண்ணீர் குடித்திருக்கும். கிரீஸ் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருக்கும். அந்த ஒரு படம் போதும் என் அறிக்கைக்கு.

ஹப்பின் வாயில் இருப்பது நான் தேர்ந்தெடுத்த ஸ்பிரிங் மூடி. சாதாரண மூடி வெறும் தொப்பி. இதில் கிரீஸ் ஏற்ற ஒரு குமிழும், ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் ஒரு தட்டும் உண்டு. கிரீஸ் ஏற ஏறத் தட்டு வெளியே நகரும். அதன் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். லேசாக ஆடினால் போதுமான கிரீஸ் இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் ஏற்றக் கூடாது.

மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டி மூடியை எடுத்தேன். நட்டு கழலாமல் பூட்டி வைக்கும் காட்டர் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றி, வாஷரையும் முன் பேரிங்கையும் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டேன். ஹப்பை இழுத்ததும் பின் பேரிங் வந்தது, அதன் பின்னால் சீல்.

கிரீஸ் சுத்தமாக இருக்கிறது. தேன் நிறம். மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தேன். உருளைகளில் ஒரு கீறல்கூட இல்லை. காதருகே வைத்துச் சுற்றினேன், சத்தமே இல்லை.

வலது சீல் புதிது என்பதால் தாங்கியிருக்கலாம். இடதும் புதிதுதான், ஜனவரி மூன்றாம் தேதி இரண்டையும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்து நானே போட்டேன். பரவாயில்லை. ஒரு ஹப்பை வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

பிப்ரவரி 16

பிரிசில்லா பட்டறைக்கு வந்தார்.

“சார், எப்படிப் போகுது?”

“போகுது.”

“நெய்னா அண்ணன் ஆறவிட்டுத்தான் இறக்கினேன்னு எழுதிக் கொடுத்திருக்கார். நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“நினைக்கிறது என் வேலை இல்ல மேடம். பிரிச்சுப் பார்க்கிறதுதான் வேலை.”

“சரி சார். நான் வற்புறுத்தலை. இன்ஜின் போனதுல சென்னைத் தலைமை அலுவலகத்துல ரொம்பக் கோபமா இருக்காங்க. யாராவது ஒருத்தர் பேரைக் கேட்கிறாங்க. அந்தப் பேரு சரியா இருக்கணும், அதான்.”

போகும்போது வலது பேரிங்கைப் பார்த்து, “அழகா இருக்கு” என்றார். மீன் படித்தவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

பிப்ரவரி 17

இடது பக்கம்.

முன் பேரிங்கில் உருளை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. உருளைகளைப் பிடித்திருக்கும் கூடு கிழிந்து வெந்திருக்கிறது. ஆக்சிலின் முனை நீலம் பாரித்திருக்கிறது. மூடி உப்பளத்து வாய்க்காலிலேயே போய்விட்டது. பின் பேரிங்கில் துரு, கிரீஸ் இல்லை. தண்ணீர் நிச்சயமாகப் போயிருக்கிறது. இதுவரை நான் சொன்னது சரி.

சக்கரத்தின் உட்புறத்தைத் துடைக்கப் போனபோது கவனித்தேன். விளிம்பு முழுக்கக் கிரீஸ் தெறித்து, மேலே புழுதி படிந்து, நடுவிலிருந்து கோடு கோடாகக் காய்ந்திருக்கிறது. ஹப்புக்குள் இருந்திருக்க வேண்டிய கிரீஸ்.

சீல் அதன் பள்ளத்தில் இல்லை. ஆக்சிலின் அடிப்பக்கத்தில் ஒதுங்கிக் கிடந்தது, காற்றில் திரும்பிய குடைபோல வெளிப்பக்கமாக மடிந்து. தண்ணீர் உள்ளே உறிஞ்சப்பட்டிருந்தால் அது அந்தத் திசையில் மடியாது.

குறித்துக்கொண்டேன். வேறு வேலை இருந்ததால் பட்டறையை நாலரைக்கே பூட்டினேன்.

பிப்ரவரி 18

சீலைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஆய்வுக்காக.

பிப்ரவரி 19

அமுதவல்லி பையைக் கழுவ எடுத்திருக்கிறாள். என் மனைவிக்கு எந்தப் பையிலும் கை விடாமல் இருக்க முடியாது.

“என்னங்க இது, ரப்பர் வளையல் மாதிரி? பையெல்லாம் கரி.”

“ஆபீஸ் சாமான். வை.”

“ஆபீஸ் சாமானை எதுக்கு வீட்டுக்குக் கொண்டாந்தீக? இருபத்தி ரெண்டு வருசத்துல ஒரு பேனா கொண்டாந்ததில்ல நீங்க.”

பையைச் சோடா உப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். கறை போகவில்லை.

பிப்ரவரி 20

நெய்னா வந்தான். வாசலிலேயே நின்றான்.

“சார், எந் தூக்குச்சட்டியும் செருப்பும் உள்ள கெடக்கு. எடுத்துக்கிறவா?”

“எடுத்துக்க.”

எடுத்துக்கொண்டு உடனே போகவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக, டீ சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“நோம்பு சார்.”

எனக்கு அமைவது எல்லாம் இப்படித்தான்.

கழற்றி வைத்திருந்த வலது பேரிங்கைப் பார்த்தான். “வலது பக்கம் பிரிச்சிட்டீகளா? கிரீஸ் எப்புடி சார் இருந்துச்சு?”

“இருந்துச்சு.”

“வெளுத்தா?”

“எல்லாம் அறிக்கையில வரும்.”

“சரி சார்.” தூக்குச்சட்டியை மறு கைக்கு மாற்றினான். “ரெண்டு டீ குடிச்சேன் சார். ரெண்டாவது டீயில சீனி கம்மி. கடக்காரன்ட்ட சண்டகூடப் போட்டேன். இப்ப கேட்டா, தெனம் நூறு பேரு சண்ட போடுறான், எனக்கு எது ஞாபகம்ங்கிறான்.”

பிறகு இடது சக்கரத்தின் பக்கம் குனிந்தான். உள் விளிம்பில் ஒரு விரலை ஓட்டினான். காய்ந்த கிரீஸ் ஒரு கோடாக விரலில் வந்தது. அதைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. பனியன் வேஸ்ட் எடுத்து விரலைத் துடைத்து, அந்தத் துணியை மடித்து அதன் டப்பாவிலேயே போட்டான்.

“எழுதுறத எழுதுங்க சார். எம்.இ. படிச்சவுக எழுதுனா, மாத்தி எழுத இங்க ஆளு இல்ல.”

அது குத்தலா, உண்மையா என்று இரவுச் சாப்பாடு வரை யோசித்தேன். இரண்டும்தான்.

பிப்ரவரி 21

ஜனவரி மூன்றாம் தேதி நடந்ததையும் எழுதிவிடுவது நல்லது. முழுமைக்காக.

அன்று புது ஸ்பிரிங் மூடிகளை மாட்டினேன். இவை வேண்டும் என்று இரண்டு வருடம் கடிதம் எழுதி வாங்கியவை. அதனால் எல்லாரையும் வரச் சொல்லியிருந்தேன். பிரிசில்லாவும் மூன்று ஆராய்ச்சி மாணவிகளும் நின்றார்கள். நெய்னா ஜீப்பில் சாய்ந்து நின்றான். பேரிங்குக்குக் கிரீஸை உள்ளங்கையில் வைத்து எப்படி அழுத்தி நிரப்புவது, நட்டை இறுக்கிவிட்டு ஏன் ஒரு கால் சுற்றுத் தளர்த்த வேண்டும் என்று விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். ஒரு மாணவி குறிப்பு எடுத்தாள்.

வலது பக்கம் முடித்து இடது பக்கம் வந்தேன். கிரீஸ் கன்னை அமுக்கிக்கொண்டிருந்தபோது, ஜீப்பில் சாய்ந்தபடியே அவன் சொன்னான்: “போதும் சார். கக்கிரும்.”

மாணவிகள் சிரித்தார்கள். கக்கிரும் என்ற சொல்லுக்குச் சிரித்திருக்கலாம்.

“கிரீஸ் கன் என் கையில இருக்கா, ஒன் கையில இருக்கா?” என்று கேட்டேன். அவன் சாய்ந்தது நிமிர்ந்து, “ஒங்க கையிலதான் சார்” என்றான்.

நான் தொடர்ந்து அமுக்கினேன். எத்தனை என்பது நினைவில் இல்லை.

பிப்ரவரி 22

ஞாயிறு. சாவி என்னிடம் இருப்பதால் பட்டறைக்குப் போய்ப் பராமரிப்புப் பதிவேட்டைப் பார்த்தேன்.

கிரீஸ் கன்: வலது 12 அமுக்கு. இடது 34.

என் கையெழுத்து. முப்பத்து நான்கின் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. அன்று அதைப் பெருமையாகப் போட்டேன்.

பதிவேட்டின் பக்கங்களுக்கு எண் உண்டு. யாரும் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது என்று, வாங்கிய அன்றே உட்கார்ந்து எண் போட்டவனும் நான்தான்.

பிப்ரவரி 24

நேற்றே அறிக்கையை எழுதி முடித்தேன். மூன்று பக்கம். சூடான ஹப், சுருங்கும் காற்று, அழுத்த வேறுபாடு, ஒரு வரைபடம். நல்ல நடை. படித்தால் கடலே ஒப்புக்கொள்ளும்.

இன்று காலையில் அதைத் தேர்வுத்தாள் திருத்துபவன்போல் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். மூன்றாம் ஆண்டு மாணவன்கூடக் கேட்பான்: ஒரே ஆக்சில், ஒரே நீர், ஒரே சூடு. அப்படியானால் வலது பக்கம் ஏன் தேன் நிறத்தில் இருக்கிறது?

பதில் இல்லாத அறிக்கையின் கீழே என் பெயரையும் பட்டத்தையும் போட முடியாது. விசாரணைக்கு மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் வருகிறார் என்கிறார்கள். இவ்வளவுதானா இவன் என்று அவர் நினைத்துக்கொண்டு ரயில் ஏறுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. முதல் அறிக்கையைக் கிழித்தேன். நெய்னாவுக்காக அல்ல.

இரண்டாவது அறிக்கை ஒன்றரைப் பக்கம் வந்தது. சீலைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும். அமுதவல்லி அதை ஒரு பழைய பால் கவரில் சுற்றி, பையின் பக்கவாட்டு உறையில் தனியாக வைத்திருந்தாள். நான் கேட்கவே இல்லை.

பிப்ரவரி 26

விசாரணை பதினோரு மணிக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் பிரிசில்லாவும் மதுரைப் பொறியாளரும். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், காதில் கருவி மாட்டியிருந்தார். நெய்னா சுவரோரம் நின்றான். நாற்காலி இருந்தது, உட்காரவில்லை.

அறிக்கையை வாசித்தேன். சீலையும் பதிவேட்டையும் மேசையில் வைத்தேன். அளவுக்கு மீறிக் கிரீஸ் ஏற்றியதால் உள்ளே அழுத்தம் கூடி, பின்பக்க சீல் வெளியே பிதுங்கியது. அந்த வழியாக ஒரு மாதத்தில் கிரீஸ் எல்லாம் தெறித்துப் போனது. கடலில் இறக்கும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் உள்ளே போனது. பேரிங் துருப்பிடித்து உடைந்தது. ஓட்டுநர் ஹப்பை ஆறவிட்டே இறக்கியிருக்கிறார். வலது ஹப் அதற்குச் சாட்சி.

பொறியாளர் சீலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இடது பக்கம் ஏத்துனது யாரு?”

“நான்.”

“முப்பத்து நாலா?”

“முப்பத்து நாலு.”

“பன்னெண்டே போதும்னு தெரியாதா உங்களுக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் சார் ஏத்துனீங்க?”

இதற்கு ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். புது மூடி, தட்டின் நகர்வைக் கணிப்பதில் பிழை என்று. சொல்ல வாயைத் திறந்தேன்.

“நெய்னா போதும்னு சொன்னாரு. அதனாலதான்.”

பொறியாளருக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ, “சொன்னாருன்னா நிறுத்தியிருக்கணுமே?” என்றார். பிரிசில்லா எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவருக்கு விளங்கிவிட்டது. ஜனவரி மூன்றாம் தேதி அங்கே நின்றவர்தானே.

நெய்னா சுவரைவிட்டு நகர்ந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பெரிய மூச்சு ஒன்று விட்டான். அதைக்கூட மெதுவாக விடத் தெரியாது.

பிப்ரவரி 27

எனக்கு எச்சரிக்கைக் கடிதம். ஓராண்டுக்கு ஊதிய உயர்வு கிடையாது. இனி டிரெய்லர் பராமரிப்பை ஓட்டுநர் முன்னிலையில்தான் செய்ய வேண்டுமாம். கடிதத்தின் தொடக்கத்தில் ‘மதிப்பிற்குரிய சார்’.

நெய்னாவை மீண்டும் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். அவன் நிரந்தரக் கோப்பு சென்னைக்குப் போயிருக்கிறது.

அறிக்கையைப் பற்றி மதுரைப் பொறியாளர் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘தெளிவாகவும் குறையின்றியும் எழுதப்பட்டுள்ளது.’ எதிர்பார்த்ததுதான்.

மார்ச் 3

ஆக்சில் முனையை லேத்துப் பட்டறையில் கொடுத்துச் சரி செய்து வாங்கினேன். புது பேரிங், புது சீல். பழைய கப்பில், அதாவது உருளைகள் ஓடும் வெளி வளையத்தில், புது உருளையை உட்கார வைக்கச் சிலர் துணிவார்கள். நான் கப்பையும் தட்டி எடுத்துப் புதிதாக மாற்றினேன். காட்டர் பின்னும் புதிது.

மார்ச் 10

இன்று இடது ஹப்பை மூடினேன். ஆணைப்படி நெய்னா முன்னிலையில்.

காலையில்தான் சென்னையிலிருந்து அவனுக்கு நிரந்தர ஆணை வந்திருந்தது. அலுவலகமே அவனைச் சுற்றி நின்றதாம். பட்டறைக்கு வந்தபோது சட்டைப் பையில் அந்தக் காகிதம் நான்காக மடிந்திருந்தது. என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

வலது பக்கம் முடித்தேன். இடது பக்கம் கிரீஸ் கன்னை மாட்டி அமுக்கத் தொடங்கினேன். நெய்னா கையைக் கட்டிக்கொண்டு, ஜீப்பில் சாயாமல், நேராக நின்றான். ஒன்பது. பத்து. பதினொன்று. தட்டு நகர்ந்து வந்து நின்றது. பன்னிரண்டு. அவன் வாயைத் திறக்கவில்லை.

போதும் என்று எனக்குத் தெரியும். கைப்பிடியில் கை இருந்தது. வெளியே யாரோ சைக்கிளில் போனார்கள்.

“போதுமா?” என்று கேட்டேன்.

“நீங்கதான் சார் என்ஜினியர்.”

“கேக்கிறேன்ல.”

வந்து குனிந்தான். தட்டின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். ஆடியது. இன்னொரு ஓரத்தையும் அழுத்திப் பார்த்தான். என்னை வேண்டுமென்றே காக்க வைத்தான் என்றுதான் நினைக்கிறேன்.

“போதும் சார்.”

பதிவேட்டை எடுத்து, அளவுகோல் வைத்து, ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன். தலைப்பில் ‘போதும் என்றவர்’ என்று எழுதி அவன் பக்கம் திருப்பினேன்.

“இதுக்குமா சார் கையெழுத்து?”

“எல்லாத்துக்கும் கையெழுத்து உண்டு.”

தலைப்பை இரண்டு முறை படித்தான். பேனாவை வாங்கி, முழுப் பெயரும் எழுதினான்: நெய்னா முகமது, ஓட்டுநர். பத்தொன்பது வருடமாக அதன் பின்னால் அடைப்புக்குறி போட்டு எழுதும் ‘தற்காலிகம்’ இல்லை. கட்டத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியது.

மார்ச் 12

தேவிபட்டினம். இறக்கும்போது நானும் உடன் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. போனேன்.

நோன்பு என்பதால் டீக்கடைப் பக்கம் போகவில்லை. ஜீப்பின் நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பட்டறையில் நான் மாட்டிய பலகையில் அரை மணி நேரம் என்று இருக்கிறது. என் கைக்கடிகாரப்படி அரை மணி நேரம் முடிந்ததும் எழுந்தேன்.

நெய்னா போய் இரண்டு ஹப்பிலும் கையை வைத்துப் பார்த்தான்.

“ஆறல சார். இன்னொரு பத்து நிமிசம்.”

நானும் கை வைத்துப் பார்த்தேன். ஆறித்தான் இருந்தது, என் கைக்கு.

உட்கார்ந்தேன். பத்து நிமிடம் ஆகட்டும் என்று காத்திருந்தேன்.